அஞ்சு சாமிக்கு ஒரே லெட்டர்

எனக்குக் கோபம் வந்தா வாய் முன்னாடி ஓடும், புத்தி செருப்பைத் தேடிக்கிட்டுப் பின்னாடி வரும். எங்க பக்கம் இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஓசூர்ல ஹைவே ஓரம் இட்லிக்கடை வச்சிருக்கேன். ஷிப்ட் முடிஞ்சு வர்ற கம்பெனிப் பசங்க, "இன்னிக்குச் சட்னி காரமா, அக்கா காரமா?"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாங்க. அதனால இதைச் சொல்லும்போது என் கோபத்தை மறைச்சுச் சொல்ல முடியாது. அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

சர்வீஸ் ரோட்டை அகலமாக்கப் போறாங்கன்னு ரொம்ப நாளாப் பேச்சு. ஒரு நாள் காலையில ஆபீசர் ஒருத்தர் வந்து, டேப்பைப் போட்டு அளந்து, சுண்ணாம்புல கோடு இழுத்தார். கோட்டுக்குள்ள என் கடை வந்துச்சு. அது போகட்டும், ஒரு தள்ளுவண்டியும் அரைத் தார்ப்பாயும்தானே, எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போயிடலாம். சாமிங்களும் வந்துச்சு. எங்க தர்மபுரி ஜனங்க கும்பிடுற மாரியம்மன். கன்னடக்காரங்க முனேஸ்வரர். வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தெக்கத்திப் பசங்க வச்ச சுடலைமாடன். ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளையார். அப்புறம் என் கடைக்குப் பக்கத்துல, பஞ்சர் கடை வாசல்ல, ஒரு முழ உயரத்துக்கு ஒரு கல்லு. அது கங்கம்மா.

ஆபீசர் நல்ல மனுசன். உக்காந்து ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் சொன்னார். "இங்க இருக்கிற சாமிங்க எல்லாத்துக்கும் சேர்த்து, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் தர்றோம். தனித்தனியா வந்து நின்னீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாரும் ஒரு சங்கமாச் சேர்ந்து, ஒரே லெட்டரா கொடுங்க. ஒரு மாசம் டைம். வரலைன்னா சாமியெல்லாம் எடுத்து ஆபீஸ் கோடௌன்ல பத்திரமா வச்சிடுவோம்."

கோடௌன்னு சொன்னதும் பஞ்சர் கடை அக்கா கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வச்சிடுச்சு.

அக்காவைப் பத்திச் சொல்லணும். தெலுங்குக்காரங்க. ஜாக்கி போட்டு லாரி டயரைக் கழட்டுற வேகத்தைப் பார்த்தா ஆம்பளைங்களே ரெண்டடி தள்ளி நிப்பாங்க. அவங்க ஊர் இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. கம்பெனிங்க வந்தப்ப நிலமெல்லாம் போயி, ஜனங்க ஆளுக்கொரு திசையாப் போயிட்டாங்க. ஏரிக்கரையில இருந்த கங்கம்மா கல்லை மட்டும் யாரும் எடுத்துக்கலை. அக்காதான் அதைச் சைக்கிள் கேரியர்ல வச்சு, பழைய டியூபால இறுக்கிக் கட்டி, மிதிக்க முடியாம தள்ளிக்கிட்டே கொண்டாந்து இங்க நட்டுச்சு. அன்னிலேர்ந்து ஒரு நாள் தவறாம விளக்கு. லாரி போற ரோட்டுல வெறும் அகல் நிக்குமா? காலி கிரீஸ் டின் ஒண்ணை எடுத்து, முன்னாடி சின்னதா ஜன்னல் மாதிரி வெட்டி, அடியில சுத்தி ஆணியால ஓட்டை போட்டு, அதுக்குள்ள அகலை வச்சிடும். "ஓட்டை எதுக்குக்கா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "நீ மூக்கை மூடிக்கிட்டு எவ்ளோ நேரம் இருப்ப?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு.

எனக்கும் அக்காவுக்கும் என்ன உறவுன்னா, அந்த அரைத் தார்ப்பாய்தான். நான் சிங்கப்பூர்ல வீட்டு வேலைக்குப் போயி ஒன்பது வருஷம் இருந்துட்டுத் திரும்பி வந்தேன். வந்து பார்த்தா நான் கடை போட்டிருந்த இடத்துல வேற ஒருத்தன் பானிபூரி விக்கிறான். சொந்தக்காரங்க எல்லாம் பெட்டியில என்ன இருக்குன்னு பார்த்தாங்களே தவிர, நான் எங்க உக்காரப் போறேன்னு கேக்கலை. அக்காதான் தன் கடைத் தார்ப்பாயை அவுத்து, பாதியை என் பக்கம் இழுத்துக் கட்டுச்சு. "டயரும் இட்லியும் ரெண்டுமே ரவுண்டுதான், பக்கத்துல இருக்கட்டும்"னு சொல்லிச்சு. அந்தப் பாதி நிழல்லதான் நான் இன்னிக்கும் பொழைக்கிறேன்.

சரி, மீட்டிங்குக்கு வர்றேன். மாரியம்மன் கோயில் வாசல்ல நாலு கமிட்டியும் கூடுச்சு. எங்க தர்மகர்த்தா நடுவுல உக்காந்திருந்தார். அவர் துணிக்கடைக்காரர், வெள்ளை வேட்டியில ஒரு சொட்டுக் கறை பார்க்க முடியாது. எதிர்ல முனேஸ்வரர் கமிட்டித் தலைவர், ஒரு கம்பெனியில போர்மேனா இருந்து ரிட்டயர்ட் ஆன கன்னடக்காரர். யார் சங்கத்துக்குத் தலைவர்னுதான் பேச்சு. தமிழ் ஆளு வந்தா கன்னடக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, கன்னட ஆளு வந்தா நம்ம ஆளுங்க எழுந்து போயிடுவாங்க. தெக்கத்திப் பசங்க, "எங்க மாடன் யாருக்கும் கீழ இருக்க மாட்டாரு"ன்னாங்க. ஆட்டோக்காரங்க பாதியில சவாரி வந்து போயிட்டாங்க.

நான் டீ கொடுக்கப் போனவதான். போன வாய் சும்மா இருக்குமா? "கங்கம்மாவுக்கு யார் வந்திருக்கா?"ன்னு கேட்டேன்.

தர்மகர்த்தா என்னைப் பார்த்துச் சிரிச்சார். "அது கோயில் இல்லம்மா, கல்லு. கமிட்டி இல்ல, சீல் இல்ல, ரசீது புக்கு இல்ல. கமிட்டி இல்லாத கல்லை லெட்டர்ல என்னன்னு எழுதுறது?"

"நம்ம மாரியம்மனும் ஒரு காலத்துல கல்லுதானே. சீல் செஞ்சப்புறம்தான் அம்மன் ஆனாளா?"ன்னேன்.

பின்னாடி யாரோ, பொம்பளைங்க பேசுற இடமா இதுன்னு முனகினாங்க. நான் டம்ளரை வச்ச வேகத்துல பாதி டீ அவங்க மினிட்ஸ் நோட்டு மேல. அந்த டீக்கறை இன்னும் அந்த நோட்டுல இருக்கு. எனக்கு அதுல இப்பவும் வருத்தம் இல்லை.

கடைக்கு வந்து அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். அது டியூப்ல சொல்யூஷன் தடவிக்கிட்டே, "ஏமி காதுலே"ன்னுச்சு. ஒண்ணும் ஆகாது விடுன்னு அர்த்தம். அக்கா எதுக்கும் அதைத்தான் சொல்லும். ஆனா அன்னிக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது திரி நனைஞ்சதும் பத்த வைக்காம கொஞ்ச நேரம் உக்காந்திருந்துச்சு. அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டுச்சு: "அந்தக் கோடௌன்ல, உள்ள போயி விளக்கு வைக்க விடுவாங்களா?"

ஊரு போச்சு, ஏரி போச்சு, மிச்சம் இருந்தது அந்த ஒரு கல்லும் ஒரு விளக்கும். அதையும் கொண்டுபோயி பழைய பீரோவுக்கும் உடைஞ்ச நாற்காலிக்கும் நடுவுல போட்டு இழுத்துப் பூட்டினா, அந்த அக்கா எங்க போயி நிக்கும்? இதை விடக்கூடாதுன்னு அப்பதான் முடிவு பண்ணேன்.

இதுக்கு என்ன பண்ணலாம்னு யோசிச்சப்பதான் எங்க சிங்கப்பூர் மேடம் ஞாபகத்துக்கு வந்தாங்க. என் வயசுதான் அவங்களுக்கு, கோபமும் என் அளவுதான். ஒரே வீட்டுல ரெண்டு மொளகா. அவங்க சீனாக்காரங்க. சீன சாமிங்கள்ல தாவோன்னு ஒரு வழி இருக்கு, அந்த வழியில கும்பிடுற கோயில்கள் எல்லாத்துக்கும் பொதுவா அங்க ஒரு சங்கம். மேடம் அதுல செக்ரட்டரி. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிட்டு அந்த ஆபீஸுக்கு நான் தினமும் போவேன். மேடம் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை, "மறுபடி துடை"ன்னு சொன்னதைத் தவிர. ஆனா கண்ணு சும்மா இருக்குமா? மூலையில நின்னு எல்லாத்தையும் பார்த்தேன்.

அந்த ஊர்ல ஒரு ஜாண் நிலம் சும்மா கிடக்காது. ஒரு தெருவுல கோயில் இருக்கும், பத்து வருஷம் கழிச்சு அங்க மாடி வீடு வரணும்னு அரசாங்கம் இடத்தைக் கேக்கும். ஒத்தைக் கோயிலால தனியா இடம் வாங்க முடியாது. அப்ப சங்கம்தான் நாலஞ்சு கோயிலைச் சேர்த்து, ஒரே கூரைக்குக் கீழ கொண்டாந்து வைக்கும். ஊதுபத்திப் புகை வருதுன்னு மேல் மாடிக்காரங்க புகார் கொடுத்தா, சங்கம் போயிப் பேசும். ரெண்டு சாமி ஊர்வலம் ஒரே ரோட்டுல முட்டிக்காம நாள் பிரிச்சுக் கொடுக்கும். சைவச் சாமிக்கும் அசைவச் சாமிக்கும் தனித்தனி மேசை போடும். கேக்கச் சுலபமா இருக்கும். மீட்டிங்ல பார்க்கணுமே, நம்ம ஊர் மாரியம்மன் வாசல் தோத்துடும், அப்படி ஒரு சத்தம்.

அங்க ரெண்டு விஷயம் எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஒண்ணு, ஒரே கூரைக்குக் கீழ வந்தாலும் ஒவ்வொரு சாமிக்கும் ஊதுபத்தி நடுற சட்டி தனி. பழைய கோயில் சட்டியில இருந்த சாம்பலை அப்படியே புது இடத்துக்குத் தூக்கிட்டு வருவாங்க. சிலை புதுசா இருக்கலாம், சாம்பல் பழசா இருக்கணும். இன்னொண்ணு, வருஷத்துக்கு யார் தலைவர்ங்கிறதை அவங்க பேசி முடிவு பண்றதில்லை. பிறை மாதிரி ரெண்டு மரத்துண்டு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. சாமி முன்னாடி பேரைச் சொல்லிப் போடுவாங்க. ஒண்ணு தட்டையா, ஒண்ணு மேடா விழுந்தா சாமி சம்மதம். அப்புறம் எவனும் வாயைத் திறக்க முடியாது.

ஒரு தடவை ஒரு பெரிய கோயில் சேர்மன் மேசையைத் தட்டிப் பேசினார். மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு ஆளு பார்த்துக்கிற சின்னக் கோயில் ஒண்ணு இருந்துச்சு. அதைச் சேர்த்துக்கக் கூடாதாம், அவங்ககிட்ட ஊதுபத்திச் சட்டி கூட இல்லையாம், பிஸ்கட் டின்தான் இருக்காம். மேடம் எழுந்து வெளிய போனாங்க. கால் மணி நேரத்துல அந்த பிஸ்கட் டின்னைச் சாம்பலோட தூக்கிட்டு வந்து மேசை மேல வச்சாங்க. மூணு ஊதுபத்தியைச் சொருகினாங்க. "நிக்குதா?"ன்னு கேட்டாங்க. அவங்களே, "நிக்குது. அடுத்த விஷயம்"னு உக்காந்துட்டாங்க. மேசையில சிந்தின சாம்பலை நான்தான் துடைச்சேன். துடைக்கும்போது எனக்குச் சிரிப்புத் தாங்கலை.

இங்க அந்த மாதிரி மேசையில உக்கார எனக்கு யார் இடம் கொடுப்பா? நான் இட்லிக்காரி. ஆனா எங்க ஆளுங்களே எனக்கு வழி பண்ணிக் கொடுத்தாங்க. ரெண்டு வாரம் சண்டை போட்டு, தலைவர் இடத்துல ஒரு கோடு மட்டும் போட்டு, நாலு சீல் குத்தின லெட்டரைக் கொண்டுபோயிக் கொடுத்தாங்க. ஆபீசர் படிச்சுப் பார்த்துட்டு, தன் அளவு வரைபடத்தை விரிச்சு, விரலை வச்சு எண்ணினாராம். "இதுல அஞ்சு சாமி குறிச்சிருக்கேன். லெட்டர்ல நாலுதான் இருக்கு. அஞ்சாவது எங்க? தலைவர் பேர் எங்க?" அவ்வளவுதான், லெட்டர் திரும்பி வந்துடுச்சு.

இப்படி ஒரு தப்பை எங்க ஆளுங்கதான் பண்ணுவாங்க. சீலை எண்ணினாங்களே தவிர சாமியை எண்ணலை. அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் போறாங்க, அந்த விளக்கு வெளிச்சத்துலதான் செருப்பை மாட்டுறாங்க. கண்ணுக்கு முன்னாடி இருக்கிறது மட்டும் தெரியலை.

மறுநாள் காலையில தர்மகர்த்தா, போர்மேன், தெக்கத்திப் பசங்கள்ல ஒருத்தன், ஆட்டோ ஸ்டாண்டுல ஒருத்தர், நாலு பேரும் என் கடை பெஞ்சுல வரிசையா வந்து உக்காந்தாங்க. எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கவே இல்லை. "என்ன, ஆளுக்கு எத்தனை இட்லி?"ன்னு கேட்டேன்.

தர்மகர்த்தா தொண்டையைச் செருமினார். "அந்தத் தெலுங்கம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் கொடும்மா. நீ சொன்னாக் கேக்கும்."

"கமிட்டி இல்லாத கல்லுக்குக் கையெழுத்து எதுக்குங்கய்யா?"

போர்மேன் தலையைக் குனிஞ்சு சிரிச்சார். தர்மகர்த்தா சட்னியைப் பார்த்துக்கிட்டிருந்தார். பக்கத்துல அக்கா டயருக்குக் காத்து அடிக்கிற மாதிரி இருந்துச்சு, ஆனா கம்ப்ரஸர் ஓடலை. ஒட்டுக் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

நான் கரண்டியைக் கீழ வச்சுட்டுச் சொன்னேன். அஞ்சு சாமிக்கும் ஒரே அளவு இடம். ஒவ்வொண்ணுக்கும் தன் விளக்கு, தன் நாள். கிடா வெட்டுற சாமிக்கு ஒரு பக்கம், பொங்கல் வைக்கிற சாமிக்கு ஒரு பக்கம். பெரிய கமிட்டி, சின்னக் கமிட்டின்னு இல்ல, சாமிக்கு ஒரு ஓட்டு. தலைவரை நீங்க பேசி முடிவு பண்ண வேணாம், சாமிக்கு ஒரு பூவை இலைப் பொட்டலமாக் கட்டி, ஒண்ணை எடுக்கச் சொல்லி, பூ கட்டிப் பார்த்துடலாம். வருஷா வருஷம் மறுபடி பார்க்கலாம்.

கடைசியா சொன்னதுதான் வேலை செஞ்சுது. பொண்ணு பார்க்கிறதுலேர்ந்து கிணறு தோண்டுறது வரைக்கும் பூ கட்டிப் பார்க்காத ஆளு எங்க பக்கம் யாரு இருக்கா? சிங்கப்பூர் மரத்துண்டும் நம்ம பூவும் ஒண்ணுதான். ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவங்க கூட அதை நம்புவாங்க. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு, சரின்னாங்க.

உடனே அடுத்த சண்டை. பொட்டலத்தை எடுக்கிற கை யாரோடது? தமிழ்க் கையா, கன்னடக் கையா? அந்த நேரத்துல டயர் மாத்த வந்த பஞ்சாப் லாரி டிரைவர் ஒருத்தர், தலைப்பாகையோட என் கடையில உக்காந்து எட்டாவது இட்லியைச் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். அவருக்கு இவங்க யாரும் தெரியாது, இவங்க பேசுற ஒரு பாஷையும் தெரியாது. அஞ்சு இலைப் பொட்டலம் கட்டினோம். மாரியம்மனுக்குச் செவ்வரளி, முனேஸ்வரருக்குச் சாமந்தி, பிள்ளையாருக்கு எருக்கம்பூ, சுடலைக்குப் பிச்சி, கங்கம்மாவுக்குக் கனகாம்பரம். கற்பூரம் ஏத்தி, அவர்கிட்ட கையைக் காட்டினேன். அவர் கையைக் கழுவி, கும்பிட்டு, ஒண்ணை எடுத்தார். சாமந்தி.

போர்மேன்தான் முதல் வருஷத் தலைவர். எங்க தர்மகர்த்தா ஒரு நிமிஷம் பொட்டலத்தையே பார்த்தார். ஆனா சாமி சொன்னதுக்கு மேல பேச்சு ஏது? எழுந்து போயி அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். டிரைவருக்குக் காசு வாங்கலை, கூட ரெண்டு வடை வச்சேன்.

புது லெட்டர்ல நாலு சீல் இருந்துச்சு. அஞ்சாவது இடத்துல சீல் இல்லை. அக்கா கையைக் கிரீஸ் போகத் துடைச்சுட்டு, தெலுங்குல ஒரு கையெழுத்துப் போட்டுச்சு. வட்ட வட்டமா, அழகா. அந்த லெட்டர்ல அதுதான் எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆபீசர் எண்ணிப் பார்த்துட்டு, அஞ்சுன்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டார்.

இடம் கிடைச்சுது. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நீளமா ஒரு தகரக் கூரை, அதுக்குள்ள அஞ்சு மேடை. சாமியை எப்படிக் கொண்டு போறதுன்னு சங்கத்துல பேச்சு வந்தப்ப, மறுபடி என் வாய் சும்மா இருக்கலை. பழைய சாம்பல் விஷயத்தைச் சொன்னேன். நம்மகிட்ட சாம்பல் சட்டி இல்லை, விளக்கு இருக்கு. பழைய இடத்துல ஏத்தின விளக்கு அணையாம புது இடத்துக்கு வரணும், வழியில அணைஞ்சா அந்தச் சாமி திரும்பப் போயி முதல்லேர்ந்து ஏத்திட்டு வரணும்னு சட்டம் போட்டேன். எல்லாரும் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாங்க. அன்னிக்கு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போச்சு, உண்மையைச் சொல்றேன்.

கிளம்புன அன்னிக்குக் காலையில ஓசூருக்கே உரிய பொடித் தூறல். அஞ்சு சாமியும் வரிசையா. முன்னாடி எங்க மாரியம்மன், பட்டுக் குடை பிடிச்சு, அஞ்சு முகக் குத்துவிளக்கோட. அடுத்தது முனேஸ்வரர். போர்மேன் தன் கையால ஒரு கண்ணாடிக் கூண்டு செஞ்சிருந்தார், நாலு பக்கமும் ரப்பர் வச்சு, ஒரு பொட்டுக் காத்து நுழையாத மாதிரி. தெக்கத்திப் பசங்க மேளத்தோட தட்டுல விளக்கு. பிள்ளையார் ஆட்டோவுலயே வந்தார், விளக்கு அவர் மடியில. கடைசியா அக்கா. கல்லை என் இட்லித் தள்ளுவண்டியில வச்சு, அதே கிரீஸ் டின்னைக் கல்லுக்கு முன்னாடி தாழ வச்சுத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. ஒரு கை நான் பிடிச்சிருந்தேன்.

நாங்க நகர்ந்த பத்தாவது நிமிஷம் பின்னாடி ஜேசிபி இறங்கிடுச்சு. திரும்பிப் பார்த்தேன், சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள எல்லாம் வெறும் மண்ணு. எனக்கு அப்பதான் உறைச்சுது. திரும்பிப் போயி ஏத்திட்டு வரணும்னு சட்டம் எழுதினேனே, திரும்பிப் போக இடம் எங்க இருக்கு?

முதல்ல போனது போர்மேன் விளக்கு. காத்தே இல்லாத கூண்டுல அது மூச்சு முட்டி, சுருங்கி, அணைஞ்சு போச்சு. அக்கா என் காதுல, "மூக்கை மூடிட்டாரு"ன்னுச்சு. வேகத்தடையில ஆட்டோ துள்ளினதுல பிள்ளையார் மடியில எண்ணெய் கொட்டி அதுவும் போச்சு. பசங்க ஆடின ஆட்டத்துல தட்டு சாஞ்சுது. மாரியம்மன் விளக்கு மட்டும் மேம்பாலத்துக்கு அடி வரைக்கும் வந்துச்சு. அங்க கண்டெய்னர் லாரி ஒண்ணு எதிர்ல திரும்புச்சு. அது தள்ளின காத்துல பட்டுக் குடை மேல்பக்கமா மடிஞ்சு, அஞ்சு முகமும் ஒண்ணா அணைஞ்சுது.

மேளம் நின்னு போச்சு. நாலு கமிட்டியும் அணைஞ்ச விளக்கோட பாலத்துக்கு அடியில நின்னாங்க. பின்னாடி ஜேசிபி சத்தம். தர்மகர்த்தா என்னைப் பார்த்து, "நீ போட்ட சட்டம்தானம்மா, இப்ப என்ன பண்றது?"ன்னார். கோபமாக் கேட்டிருந்தா நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் குரல் உடைஞ்சிருந்துச்சு. எத்தனை வருஷமா ஏத்தின விளக்கு அது. எனக்கு வாழ்க்கையில முதல் தடவையா வாயே வரலை.

அப்ப எல்லாரும் டின்னைப் பார்த்தாங்க. ஜன்னல்ல மஞ்சளா ஒரு விரல் அளவு சுடர். லாரிக் காத்துக்கு அசைஞ்சுது, மறுபடி நிமிர்ந்துச்சு. இத்தனை வருஷம் ஹைவே ஓரத்துல நின்ன விளக்கு, அதுக்கு இந்தக் கண்டெய்னர் எம்மாத்திரம்.

போர்மேன்தான் தலைவர்ங்கிறதால அவர் முன்னாடி வந்தார். "கங்கம்மா நெருப்பும் நம்ம ரோட்டு நெருப்புதான். ஒரே லெட்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கோம். கொடுப்பியாம்மா?"ன்னு அக்காவைக் கேட்டார்.

நான் அக்கா மூஞ்சியைப் பார்த்தேன். அதோட இடத்துல நான் இருந்திருந்தா, கமிட்டி இருக்கா, சீல் இருக்கான்னு ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன். அக்கா வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துட்டு, "தீசுகோண்டி"ன்னுச்சு. எடுத்துக்கோங்கன்னு.

ஆனா டின்னை அது தூக்கிக் கொடுக்கலை. தூக்கினா காத்துப் பிடிக்கும்னு அதுக்குத் தெரியும். வேணும்கிறவங்கதான் தாழ வரணும். போர்மேன் முட்டி போட்டார், திரியை நீட்டி ஏத்திக்கிட்டார். பசங்க வந்தாங்க, ஆட்டோக்காரர் வந்தார். கடைசியா எங்க தர்மகர்த்தா, அந்த வெள்ளை வேட்டியோட ஈர ரோட்டுல உக்காந்து, கங்கம்மாவுக்கு முன்னாடி தலையைக் குனிஞ்சு, அஞ்சு முகத்துக்கும் ஒவ்வொண்ணா நெருப்பு வாங்கினார். அக்கா தன் ரெண்டு கையையும் குவிச்சு அவர் விளக்குக்கு அணை பிடிச்சுச்சு.

அவர் எழுந்தப்ப வேட்டியில முட்டி வரைக்கும் சேறும் கிரீஸும். துடைச்சுக்கலை. மேளக்காரங்களைப் பார்த்துக் கையைக் காட்டி, "கங்கம்மா முன்னாடி போகட்டும்"னார். நானும் அக்காவும் வண்டியைத் தள்ளினோம். மத்த நாலு சாமியும் எங்க பின்னாடி வந்துச்சு.